ஆடிப் பட்டம் இங்கே ஆகாது

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது நம் முன்னோர் வகுத்த விதி. ஊரைவிட்டு ரயிலேறி வந்த தமிழ்க் குடும்பம் வேறு எதை மறந்தாலும் இந்தப் பழமொழியை மறப்பதில்லை. கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கமோ பாலக்காட்டுப் பக்கமோ போய்த் திரும்பும்போது, ஊறுகாய் ஜாடிக்கும் அப்பளக் கட்டுக்கும் நடுவே ஒரு சிறு காகிதப் பொட்டலமும் கூடவே வருகிறது. அதில் கீரை விதை இருக்கும். கத்தரி, மிளகாய், அவரை விதைகளும் இருக்கும். ஆடி பிறந்ததும், பால்கனியில் இரண்டு தொட்டிகளில் மண்ணை நிரப்பி, நல்ல நாள் பார்த்து விதைத்துவிடுகிறார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் சில விதை முளைக்கவே இல்லை. முளைத்தவையும் தண்டு அழுகிச் சாய்ந்து கிடக்கின்றன. 'இந்த ஊர் மண்ணுக்கு ஒன்றும் வராது' என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. அடுத்த மாதம் அந்தத் தொட்டியில் துடைப்பம் நிற்கிறது.

மண் குற்றம் செய்யவில்லை. விதையும் குற்றம் செய்யவில்லை. விதி வேறொரு வானத்துக்காக எழுதப்பட்டது. அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஆடி மாதம் என்பது கோடை தணிந்து, ஆற்றில் புதுப்புனல் வந்து, அவ்வப்போது ஒரு மழை பெய்யும் மாதம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக் காற்றின் ஈரத்தைத் தடுத்துக் கொண்டுவிடுவதால், மலைக்குக் கிழக்கே வருவது மிச்சம் மீதிதான். நம் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்கிலிருந்து வருகிறது. மும்பையோ மலைக்கு மேற்கே, கடலை நோக்கி நிற்கும் ஊர். ஜூன் 10 தேதியை ஒட்டித் தொடங்கும் பருவமழை அக்டோபரில் விடைபெற்றுவிடுகிறது. இந்த நான்கு மாதத்துக்குள் 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. ஜூலை ஒரு மாதத்தில் சாந்தாகுரூஸ் பகுதியில் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. திருநெல்வேலிச் சமவெளி ஓராண்டு முழுவதும் பெறும் மழைக்கு இது குறைந்ததன்று. 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை அன்று வீடு திரும்ப முடியாமல் இரவெல்லாம் நடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய ஆடியில் மெல்லிய கீரை விதையைத் திறந்த தொட்டியில் தூவினால் அது என்ன செய்யும், பாவம்!

ஆகவே இந்நகரில் முதன் முதலாகச் செடி வைக்க விரும்பும் அன்பர்கள் செய்ய வேண்டிய முதற்காரியம், நாட்காட்டியைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்வதே. ஐப்பசி அடைமழை என்று ஊரில் பாட்டி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில் மும்பை வானம் நிர்மலமாக இருக்கிறது. அதுதான் நமக்குப் பட்டம். நவராத்திரிக் கொலுப்படியை எடுத்து வைத்துவிட்டு விதைப் பொட்டலத்தைப் பிரியுங்கள். புரட்டாசிக் கடைசியில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் கீரைகளைத் தூவலாம். கொத்தமல்லிக்கு இரவில் குளிர்ச்சி வேண்டும். இந்நகரில் அது மார்கழி, தை மாதங்களில்தான் கிடைக்கும். பங்குனி பிறந்துவிட்டால் கொத்தமல்லி இலை தழைப்பதை விட்டுவிட்டுப் பூக்கத் தொடங்கிவிடும். அதன்பின் அதனோடு மல்லாடுவதில் பிரயோஜனமில்லை.

மழைக்காலத்துக்கென்றே பிறந்த செடிகளும் உண்டு. புடல், பீர்க்கு, பாகல் ஆகிய கொடிகளை மழைக்குச் சற்று முன்பாகவே விதைத்து, வேர் பிடிக்க வைத்துவிட்டால் மழையை அவை தாங்கிக்கொள்ளும். கொடிப்பசலையை மராட்டியர் 'மாயாளு' என்பார்கள். சேம்பிலையை 'அளு' என்பார்கள். இவ்விரண்டும் ஆடி மழையில் நனைய நனையத் தழைக்கின்றன. ஆடியில் ஏதாவது நட்டே தீரவேண்டும் என்று மனம் துடிப்பவர்கள் ஒரு பசலைத் தண்டை ஒடித்து நட்டுக்கொள்ளட்டும். ஊரிலிருந்து வந்த மற்ற விதைகளை நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் இட்டு, ஒரு பிடி அடுப்புச் சாம்பலும் சேர்த்து இறுக மூடி, புரட்டாசிவரை வைத்திருப்பது நலம். மழைக்காலத்துக் காற்றின் ஈரம் காகிதப் பொட்டலத்தில் இருக்கும் விதையின் உயிரை ஓசைப்படாமல் தின்றுவிடும்.

வெயில் வரும் திசை

அடுத்தபடி பார்க்க வேண்டியது வெயில். செடி வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலைவரை உங்கள் ஜன்னலில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேரம் வேண்டும். கீரைக்கு மூன்று, நான்கு மணி போதும். அதற்கும் குறைவாயின் வெற்றிலை, கற்பூரவள்ளி, புதினா, வல்லாரை இவற்றோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் தெற்குப் பார்த்த பால்கனிக்கு அப்போது நாள் முழுதும் வெயில் உண்டு. நமக்கு விதைப்புக் காலமும் அதுவேயாகையால் தெற்குப் பார்த்த வீட்டுக்காரர் பாக்கியசாலி. கிழக்குப் பார்த்தவருக்குக் காலை வெயில். அது கீரைக்கு மிக உகந்தது. மேற்கு வெயில் கடுமையானது. ஏப்ரல், மே மாதங்களில் தொட்டியின் பக்கச்சுவரே சுட்டு வேரை வேகவைத்துவிடும். வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரைதான் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்கிறது. அந்நாட்களில் பாதிக்குமேல் மேகம் மூடிவிடுகிறது. வடக்கு ஜன்னல்காரர் தக்காளி ஆசையை விடவேண்டும். மாட்டுங்காவில் தூங்குமூஞ்சி மரநிழலில் இருக்கும் முதல் மாடி வீடுகளுக்கும் இதே கதிதான். அந்த மரங்களின் அழகுக்கு அவர்கள் செலுத்தும் வரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பாரம்

மூன்றாவது விஷயத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. 1896இல் இந்நகரைப் பிளேக் நோய் தாக்கியபின், 1898இல் ஏற்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்டு தாதர்-மாட்டுங்காப் பகுதியில் அகலமான சாலைகளையும் மனைகளையும் வகுத்தது. அங்கே எழுந்த பழைய கட்டடங்கள் பலவற்றில் இன்றும் நம்மவர் குடியிருக்கிறார்கள். ஓர் அடி நீளமும் அகலமும் உயரமும் உள்ள தொட்டியில் ஈரமண் நிறைந்திருந்தால் அதன் எடை 45 கிலோவுக்குக் குறையாது. பத்துத் தொட்டி வைத்தால் ஏறக்குறைய அரை டன். எண்பது வயதான ஒரு பால்கனி, ஆறேழு பேர் நாள்தோறும் இறங்காமல் அதன் நுனியில் நிற்பதற்கு ஒப்பான பாரத்தைச் சுமக்குமா என்பதை நட்ட பிறகு அல்ல, நடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். கனமான தொட்டிகளைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் எந்தத் தொட்டியையும் வைக்காதீர்கள். கீழே நடப்பவர் தலைக்கும் அது உத்தரவாதமில்லை. வீட்டுவசதிச் சங்கத்தின் விதிகளும் பெரும்பாலும் இதையே கூறும்.

பாரத்தைக் குறைக்க ஒரு வழியை இந்நகரிலேயே ஒரு பெரியவர் காட்டிச் சென்றார். பாந்திராவில் வசித்த டாக்டர் ஆர்.டி. தோஷி பொருளாதாரம் பயின்றவர். தம் வீட்டு மாடியில் காய்கறியும் கனியும் பயிரிட்ட அவர், மண்ணை அதிகம் நம்பவில்லை. கருப்பஞ்சாறு பிழிந்த சக்கையைத் தொட்டியிலும் பையிலும் பெரும்பகுதி நிரப்பி, மட்கிய எருவும் சிறிது மண்ணும் சேர்த்து அதில் நட்டார். இந்நகரில் தெருவுக்குத் தெரு 'ரஸவந்தி' இருக்கிறது. சக்கையைக் கேட்டால் எடுத்துப் போ என்று மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். புதிய சக்கையில் இனிப்பு ஒட்டியிருக்கும்; எறும்பு வரும். ஆகையால் நன்றாக அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, துண்டு துண்டாக நறுக்கி இடவேண்டும். சக்கை மட்க மட்கத் தொட்டியின் மட்டம் இறங்கும். அப்போது மேலே எருவிட்டு நிரப்பிக்கொண்டே வரவேண்டும்.

தோஷியின் வழியைக் கற்றுக்கொண்டவர்களுள் ப்ரீதி பாட்டீல் ஒருவர். மும்பைத் துறைமுகக் கழகத்தில் உணவுப் பிரிவு அதிகாரியாக இருந்தவர். துறைமுக ஊழியர் சுமார் 3000 பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்த மைய சமையற்கூடத்தில் நாள்தோறும் மிஞ்சிய காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் என்ன செய்வது என்ற கேள்வியில்தான் அவருடைய தோட்டம் பிறந்தது. 2002இல் அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே அவற்றை மட்கவைத்துச் செடிகளை வைக்கத் தொடங்கினார். பூந்தோட்டம் அமைக்க வேண்டும் என்று யாரும் அங்கே புறப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குப்பையை ஒழிக்கப் போனார்கள், கொய்யாவும் சப்போட்டாவும் வந்தன. மராட்டிய மாநிலத்தின் கணித ஆசிரியர் ஸ்ரீபாத் தாபோல்கர் இயற்கை வேளாண்மையில் செய்த பரிசோதனைகளும் அவருக்கு வழிகாட்டின. 2009இல் 'அர்பன் லீவ்ஸ்' என்ற தொண்டர் குழு அவர் முயற்சியில் உருவாயிற்று. விடுமுறை நாட்களில் கூடி மண்ணில் கைவைக்கும் அந்தக் குழுவினர் நம் மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளி மாடியிலும் பயிர் செய்தார்கள்.

குப்பை போகும் இடம்

செம்பூர்வாசிகளுக்கு இதன் பொருள் மற்றவர்களைவிட நன்றாக விளங்கும். நாம் உரித்தெறியும் வாழைக்காய்த் தோலும் வெங்காயச் சருகும் லாரி ஏறிச் சென்ற இடம் தேவனார். 1927 முதல் இந்நகரின் குப்பை அங்கே மலையாகக் குவிந்தது. 2016 ஜனவரி இறுதியில் அந்த மலை தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தபோது செம்பூரிலும் கோவண்டியிலும் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. குப்பைக்குள் காற்றுப் படாமல் அழுகும் காய்கறித் தோலிலிருந்துதான் எரியும் வாயு உண்டாகிறது. ஆக, அந்தப் புகையில் நம் சமையலறையின் பங்கும் இருந்தது. 2017 அக்டோபர் முதல், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பெரிய குடியிருப்புகள் தங்கள் ஈரக்குப்பையைத் தாங்களே பதப்படுத்த வேண்டும் என்று மாநகராட்சி கட்டளையிட்டது.

வீட்டில் எரு தயாரிப்பது கடினமன்று. நாற்றம் வரும் என்ற அச்சம்தான் தடை. நாற்றம் வருவது ஈரம் மிகுந்தால்தான். பக்கவாட்டில் துளையிட்ட ஒரு மண்பானையிலோ மூடியுள்ள வாளியிலோ அடியில் தேங்காய் நாரைப் பரப்பிக்கொள்ளுங்கள். காய்கறித் தோல் ஒரு பங்கு போட்டால் உலர்ந்த இலை, தென்னைநார்த் துகள், கிழித்த செய்தித்தாள் இவற்றில் ஏதேனும் ஒன்று இரண்டு பங்கு போட்டு மூடுங்கள். புளித்த மோர் ஒரு கரண்டி தெளித்தால் விரைவில் மட்கும். வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். சோறு, எண்ணெய்ப் பண்டம், மீன் முள் ஆகியவற்றை ஆரம்பத்தில் சேர்க்க வேண்டாம், எலி வரும். எலியைப் பற்றி மும்பைவாசிக்கு யாரும் உபதேசம் செய்யத் தேவையில்லை. கம்பி வலையால் பானையை மூடுங்கள். இரண்டு மாதத்தில் கரிய நிறமும் மழை பெய்த மண்ணின் வாசமும் வந்துவிட்டால் எரு ஆயிற்று.

நர்சரியில் விற்கும் 'லால் மிட்டி' என்ற செம்மண்ணை அப்படியே தொட்டியில் கொட்டுவது தகாது. மழையில் களிம்பாகி, வெயிலில் கட்டியாக இறுகிவிடும் மண் அது. அதில் ஒரு பங்கு, எரு ஒரு பங்கு, தென்னைநார்த் துகள் ஒரு பங்கு என்று கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். தொட்டியின் அடித் துளைமேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைப்பது நம் ஊர் வழக்கம். அதை இங்கும் விடவேண்டாம்.

தாராவியில்

பால்கனியே இல்லாதவர் என்ன செய்வது? பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐவர் வாழும் வீட்டில் தோட்டம் என்று பேசுவது சிலருக்குக் கேலியாகத் தோன்றலாம். ஆயினும் தாராவிச் சந்துகளில் நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள். வாசற்படியோரத்துத் துளசி, பெயின்ட் டப்பாவில் ஓமவல்லி, மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியில் கம்பியால் கட்டிய எண்ணெய் டின்னில் கறிவேப்பிலை: இவை இல்லாத சந்து குறைவு. அவற்றை வைத்தவர்களுக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை.

தாராவிக்கே உரிய வசதிகளும் சில உண்டு. சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்களின் கும்பார்வாடா அங்கேயே இருக்கிறது. சுட்ட மண்தொட்டியைச் சூளைக்கருகிலேயே, தட்டிப் பார்த்து வாங்கலாம். கணீரென்று ஒலித்தால் விரிசல் இல்லை. மண்தொட்டி மூச்சுவிடும். அதனால் வேர் அழுகாது. ஆனால் கோடையில் விரைவில் உலர்ந்துவிடும். நகரத்துக்கு நாள்தோறும் இட்லி அவித்து அனுப்பும் நம்மவர் வீடுகளில் எண்ணெய் டின்னுக்கும் தேங்காய் நாருக்கும் பஞ்சமில்லை. பதினைந்து கிலோ எண்ணெய் டின்னின் அடியில் ஐந்தாறு துளையிட்டு, வெயில் படும் பக்கத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டால் ஒரு மிளகாய்ச் செடிக்கு அது அரண்மனை.

இரண்டு எச்சரிக்கை சொல்லவேண்டும். பழைய பொருள் பிரிக்கும் கிடங்குகளில் மலிவாகக் கிடைக்கும் ரசாயன டிரம்மில் உண்ணும் செடி எதையும் வைக்கக்கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவ்வாறே சுற்றுப்புறத்து நிலத்து மண்ணைத் தோண்டி எடுப்பதும் வேண்டாம். நம் முன்னோர் பலர் தாராவிக்கு வந்ததே தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்யத்தான். அத்தொழிலும், சாயத் தொழிலும், உலோகம் உருக்கும் தொழிலும் நெடுங்காலம் நடந்த மண் அது. பூச்செடிக்கு ஆகலாம், கீரைக்கு ஆகாது. ரயில்வே நிர்வாகம் தன் ஊழியருக்குக் குத்தகைக்கு விட்ட இருப்புப்பாதையோர நிலங்களில் விளைந்த கீரையைப் பற்றி எழுந்த புகாரும் இத்தகையதே. கண்ணுக்கு அது பச்சைப் பசேலென்று இருந்தது. ஆனால் அதற்குப் பாய்ந்தது பல இடங்களில் சாக்கடை நீர். வீட்டில் ஒரு தட்டுக் கீரை விளைவித்துக்கொள்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

தகரக் கூரைமேல் தொட்டியை வைப்பதைக் கோடையில் தவிர்க்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் வாசலில் நட்ட பசலையையோ பீர்க்கையோ கயிறு கட்டிக் கூரைமேல் ஏற்றிவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கும் சற்றுக் குளிர்ச்சி. காய் பறிக்கக் கூரைமேல் ஏறாதீர்கள், கொக்கி போதும்.

நம்பிக்கை தளரும்போது தாராவி எல்லையில், மித்தி நதியோரம் இருக்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். 37 ஏக்கர் பரப்புள்ள அந்தக் காடு முன்பு நகரக் குப்பை கொட்டிய மேடு. 1980களில் பறவை அறிஞர் சலீம் அலி அங்கே முதல் கன்றை நட்டார். 1994இல் பூங்கா திறக்கப்பட்டது.

எதை முதலில் நடுவது?

தொடங்குகிறவர் ஒரே சமயத்தில் பத்துச் செடி வாங்கக் கூடாது. நர்சரிக்குப் போனால் ரோஜா கண்ணைப் பறிக்கும். அதைப் பார்க்காமல் வந்துவிடுங்கள். முதல் செடி வெந்தயமாக இருக்கட்டும். ஓர் ஆழமில்லாத தட்டில் நான்கு விரல் உயரம் மணற்பாங்கான மண்ணைப் பரப்பி, ஊறவைத்த வெந்தயத்தை நெருக்கமாகத் தூவினால் மூன்று, நான்கு நாளில் முளைத்துவிடும். இருவாரத்துக்குள் வேரோடு பிடுங்கிச் சமைக்கலாம். இந்நகரின் கடற்கரை மணலில் பயிரிட்டுச் சிறு சிறு கட்டாக விற்கும் 'சமுத்திர மேத்தி' இதுவே. இருவாரத்தில் பலன் கண்டவருக்கு அடுத்த முயற்சியில் பொறுமை வரும். அதன்பின் முளைக்கீரை, அது நான்கு வாரம். பிறகு மிளகாய். இந்த வரிசையில் சென்றால் வீட்டு மிளகாயும் பறிக்கலாம்.

கறிவேப்பிலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் அது தாராளமாகக் கிடைக்கிறது. ஆயினும் தாளிக்கும்போது கை நீட்டிப் பறிக்கும் கறிவேப்பிலைக்கு ஈடாகுமா? பழுத்துக் கறுத்த பழத்திலிருந்து எடுத்த விதை சில வாரத்துக்குள் உயிர் இழந்துவிடும். ஆகவே ஊரிலிருந்து விதை கொண்டுவந்து வைத்திருந்து நடுவதில் பயனில்லை. பழத்தைக் கொண்டுவந்தால் உடனே நடுங்கள், அல்லது கன்றாகவே வாங்குங்கள். முதல் ஆண்டில் இலை பறிக்காதீர்கள். இது பலருக்கு இயலாத விரதம் என்பது தெரியும்! ஓரடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். பூ வந்தால் கிள்ளி எறியுங்கள். மார்கழி, தையில் இலை மஞ்சளாகிக் கொட்டினால் செடி செத்துவிட்டது என்று பிடுங்கிவிட வேண்டாம்; குளிருக்கு அது உறங்குகிறது. அப்போது நீரைக் குறைத்து, மாசியில் எருவும் புளித்த மோரும் ஊற்றினால் மாம்பூ பூக்கும் காலத்தில் மீண்டும் துளிர்க்கும். இலையைத் தின்னும் பச்சைப் புழுவைக் கண்டால் நசுக்கிவிடாமல், முடிந்தால் ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுங்கள். அது கறுப்பும் மஞ்சளுமாகப் பறக்கப்போகும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. குழந்தைகளுக்கு அதைவிட நல்ல பாடம் புத்தகத்தில் இல்லை.

மல்லிகை வேண்டும் என்று சகோதரிகள் கேட்பார்கள். மதுரை மல்லிக் கன்றுகள் பெரும்பாலும் இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்திலிருந்து வருகின்றன. முழு வெயில் இருந்தால்தான் பூக்கும். கார்த்திகை, மார்கழியில் துணிந்து கிளைகளை வெட்டிவிட வேண்டும். வெட்ட மனம் வராத வீட்டில் இலைதான் மிஞ்சும். செம்பருத்தியில் வெள்ளை மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சோப்பு நீரும் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை என்று மூன்று வாரம் செய்தால் போதும். புறாவுக்கு மருந்தில்லை. நாற்றின்மேல் வலை கட்டுவது ஒன்றே வழி.

நீரும் கொசுவும்

மும்பைக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளும் நிரம்புவது அந்த நான்கு மாத மழையில்தான். மே மாதக் கடைசியில் நீர்வெட்டு வரும் ஆண்டுகளில், பொதுக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த குடத்து நீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லும் துணிவு யாருக்கும் வராது. அரிசியும் பருப்பும் களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் இவையே நாலைந்து தொட்டிகளுக்குத் தாராளம். உப்பிட்டு வேகவைத்த நீரும் சோப்பு நீரும் கூடாது. விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று நீர் வேண்டாம். தொட்டிச் செடிகள் தாகத்தால் மடிவதைவிட அன்பு மிகுந்து ஊற்றிய நீரால் மடிவதே அதிகம்.

தொட்டியின் கீழ் வைக்கும் தட்டில்தான் ஆபத்து இருக்கிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் குளமோ குட்டையோ தேவையில்லை. பூந்தொட்டித் தட்டில் தேங்கிய இரண்டு கரண்டி நல்ல நீர் போதும். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே, எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். தேய்ப்பது முக்கியம், அதன் முட்டை உலர்ந்த விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஜூன் முதல் அக்டோபர்வரை தட்டையே எடுத்துவிட்டு, இரண்டு செங்கல்மேல் தொட்டியைத் தூக்கி வைப்பது இன்னும் நல்லது. மாநகராட்சியின் பூச்சி ஒழிப்புத் துறையினர் மழைக்காலத்தில் வீடு வீடாக வந்து பார்க்கிறார்கள். புழு இருந்தால் நோட்டீஸும் வரும். ஒரு வீட்டின் கறிவேப்பிலைக்காக எதிர்வீட்டுக் குழந்தை காய்ச்சலில் படுக்க நேர்ந்தால் அந்தத் தோட்டம் யாருக்கு வேண்டும்?

ஊருக்குப் போகும்போது

எல்லாம் நன்றாக நடந்து, சித்திரை பிறந்து, பள்ளிக்கூடம் அடைக்கும்போது நம் குடும்பங்களுக்கு வரும் சங்கடம் ஒன்று உண்டு. வேறு ஊர்த் தோட்டப் புத்தகங்கள் இதைப் பேசுவதில்லை. ஒரு மாதம் ஊருக்குப் போகவேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும் அதே மாதத்தில் வீடு பூட்டிக் கிடக்கும்.

கீரை, கொத்தமல்லி, தக்காளி ஆகியவற்றை அதற்குள் பறித்து முடித்துவிட வேண்டும். அவற்றின் காலமும் அதுவே. மீதி இருப்பவை கறிவேப்பிலை, மல்லிகை, துளசி, கற்பூரவள்ளி போன்ற நீண்ட நாள் செடிகள். அவற்றை நிழலான மூலையில் ஒன்றையொன்று தொட்டபடி நெருக்கி வையுங்கள். மண்ணின்மேல் மூன்று விரல் கனத்துக்குத் தேங்காய் நாரைப் பரப்புங்கள். நடுவில் ஒரு வாளி நீரை வைத்து, பழைய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, ஒரு நுனி நீரின் அடியிலும் மறுநுனி தொட்டி மண்ணில் வேருக்கருகிலும் இருக்குமாறு புதைத்தால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது நீரை இழுத்துக் கொடுக்கும். கொசு இறங்காதபடி வாளியைத் துணியால் இறுகக் கட்டிவிடுங்கள். இந்த ஏற்பாடு ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். ஒரு மாதம் தாங்காது.

ஆகையால் சாவியை எதிர்வீட்டு மராட்டிய அம்மாளிடமோ குஜராத்திக் குடும்பத்திடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். நான்கு நாளைக்கொரு முறை வாளியை நிரப்பினால் போதும் என்று சொல்லுங்கள். கறிவேப்பிலையை மராட்டியர் 'கடிபத்தா' என்பார்கள். நீங்கள் இல்லாத நாட்களில் வேண்டியதைப் பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனால் வாளி ஒருநாளும் வறண்டிருக்காது.